வாயில்லாச் சீவனுக்குத் தாதி

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமம் ஒன்றிலே, மாரிகாலத்து நள்ளிரவில், வீட்டின் பின்புறத்து மாட்டுக்கொட்டிலில் அரிக்கன் விளக்கொன்று எரிந்துகொண்டிருந்தால், அதன் பொருள் அயலவர்க்குச் சொல்லாமலே விளங்கும். ஒன்றில் பசு கன்று ஈனுகின்றது. அன்றேல் ஈன்ற பசு எழும்பமாட்டாமற் கிடக்கின்றது. வீட்டுக்காரர் கயிற்றைத் தளர்த்திவிட்டு நிற்பார். வீட்டுக்காரி வெந்நீர்ப் பானையோடு வருவாள். பிள்ளைகள் நித்திரை குழம்பிக் கதவோரத்தில் நின்று பார்ப்பர். எல்லாருடைய கண்ணும் படலையை நோக்கியே இருக்கும். அறிந்தவர் ஒருவர் வரவேண்டும்.

அந்த அறிந்தவர் யார்? அவர் எங்கே கற்றார்? அவருக்குக் கற்பித்தவர் யார்? வைத்தியர் வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போன பின்னர், விடியும்வரை அந்தப் பசுவின் அருகே இருந்து பணிவிடை செய்பவருக்கு அந்தப் பணிவிடையை எவர் சொல்லிக் கொடுத்தார்? மனிதருடைய நோய்க்கு வைத்தியர் வேறு, தாதி வேறு என்பதை உலகம் அறிந்து நெடுங்காலமாயிற்று. வாயில்லாச் சீவனுக்கும் தாதி வேண்டும் என்பதை உலகம் உணர்ந்தது மிகப் பிந்தியே. அந்த உணர்வு வளர்ந்த வரலாறே இங்கு கூறப்படுகின்றது.

யாழ்ப்பாணத்தில் மாடு என்பது செல்வம் என்ற பழைய பொருளை இழந்துவிடவில்லை. இக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணக்கல்லின் மேலே படிந்த மெல்லிய மண்ணும், அக்கல்லின் கீழே தேங்கிய கிணற்று நீருமே குடியானவனின் முதல். அந்த மண்ணுக்கு ஆண்டுதோறும் எருவிட்டாலன்றிப் புகையிலையும் இல்லை, வெங்காயமும் இல்லை. ஆதலின் தோட்டக் காணியிலே இரவில் மாட்டையும் ஆட்டையும் பட்டி அடைத்து, காலையில் பட்டியை அடுத்த துண்டுக்கு மாற்றும் வழக்கம் இங்கு வேரூன்றியது. கோடையிலே புல் கருகியபோது பனையோலையைக் கிழித்துப் போட்டும், பூவரசங்குழையும் முள்முருக்கங்குழையும் ஒடித்துப் போட்டும், எள்ளுப் புண்ணாக்கை ஊறவைத்துக் கொடுத்தும் மாட்டைக் காப்பாற்றினர். உழவுக்கும் வண்டிக்கும் எருது. பிள்ளையின் பாலுக்குப் பசு. அவசரச் செலவுக்கு விற்க ஆடு. இவற்றுள் ஒன்று நோயுற்றால் வீட்டின் வரவுசெலவே நோயுற்றதாகும். இரண்டு பசுக்களை மாத்திரம் வைத்திருந்த கைம்பெண்ணுக்கு ஒரு பசுவின் சாவு, பாதிச் சொத்தின் அழிவு.

விலங்குக்கு வைத்தியம் செய்தல் அரசின் கடமை என்னும் எண்ணம் இப்பகுதிக்குப் புதியதன்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தி பொறித்த இரண்டாம் பாறைச் சாசனம், மனிதருக்கும் விலங்குகளுக்கும் ஆக இருவகை வைத்தியம் ஏற்பாடு செய்யப்பட்டதை அறிவிக்கின்றது. தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளோடு நில்லாது, சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரின் நாடுகளையும், தாம்பிரபர்ணி வரையுள்ள நிலத்தையும் அச்சாசனம் குறிக்கின்றது. மருந்து மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொணர்ந்து நட்டதையும், வழிகளிலே மனிதரும் விலங்கும் பயன்கொள்ளக் கிணறு தோண்டியதையும் அது கூறுகின்றது. சூளவமிசம், 4ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட புத்ததாச மன்னனை வைத்திய மன்னனாகவே போற்றுகின்றது. அவன் நோயுற்ற பாம்பொன்றுக்கும் இரணசிகிச்சை செய்தான் என்றும், யானைகளுக்கும் குதிரைகளுக்கும் வைத்தியரை நியமித்தான் என்றும் அந்நூல் சொல்லும்.

ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. அரசர் வைத்தியரை நியமித்தது யானைக்கும் குதிரைக்குமே. அவை படைக்கும் வாணிபத்துக்கும் வேண்டியவை. யாழ்ப்பாணத்து வரலாற்றிலும் இதுவே நிகழ்ந்தது. ஒல்லாந்தர் காலத்தில் வன்னிக் காட்டிலே பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவுக் கடலேரியைக் கடந்து குடாநாட்டுக்குள் கொண்டுவரப்பட்டு, ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேற்றப்பட்டன. ஆனையிறவு என்னும் பெயர் அந்தப் பயணத்தை இன்றும் நினைவூட்டுகின்றது. காட்டிலே சுதந்திரமாய்த் திரிந்த யானை, கயிற்றுப் புண்ணோடும் பசியோடும் பல நாள் நடந்து, பின்னர் கப்பலின் அடித்தட்டிலே நிற்கவேண்டியிருந்தது. புண் ஆறாத யானைக்கு நல்ல விலை கிடையாது. ஆகவே யானைப் பாகருக்கும் பணிக்கருக்கும் புண்ணைக் கழுவவும், மருந்து கட்டவும், தீனியை அளந்து கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கல்வி தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. ஏட்டிலே பெரிதும் ஏறவில்லை.

நெடுந்தீவின் கதையும் இத்தகையதே. போர்த்துக்கேயர் அங்கே குதிரைகளைக் கொணர்ந்து விட்டனர். ஒல்லாந்தர் அவற்றைப் பெருக்கினர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெப்டினன்ட் நோலன் என்பார் பிரித்தானிய அரசின் சார்பிலே அத்தீவையும் அதன் குதிரை வளர்ப்பையும் மேற்பார்த்தார். குதிரை லாயத்தின் கற்றூண்களை இன்றும் நெடுந்தீவில் காணலாம். படைக்குக் குதிரை வேண்டியிருந்த காலத்தில் அவற்றுக்குத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. பராமரிக்க ஆள் இருந்தது. தேவை நீங்கியபோது லாயம் இடிந்தது, குதிரைகள் கட்டாக்காலிகளாயின. அவற்றின் வழிவந்தவை இப்போதும் அத்தீவின் வெளியிலே மேய்கின்றன. கடுங்கோடையிலே நீரின்றி மடிவனவும் உள. பயன் கருதிச் செய்யும் பராமரிப்பு, பயன் தீர்ந்தவுடன் தீர்ந்துவிடும் என்பதற்கு அந்த வெளியைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அரசர் கவனியாத ஏழையின் பசுவை யார் கவனித்தார்? ஊர் மாட்டு வைத்தியர் கவனித்தார். தமிழ் நாட்டிலும் ஈழத்திலும் மாட்டு வாகடம் என்னும் பெயரால் ஏட்டுச் சுவடிகள் வழங்கின. மாட்டின் சுழி, நிறம், கொம்பு ஆகியவற்றின் இலக்கணத்தோடு, நோய்க்குறியும் மருந்தும் அவற்றிலே கூறப்பட்டன. மிளகு, உள்ளி, இஞ்சி, மஞ்சள், வேப்பெண்ணெய் முதலியன கைமருந்துகள். அரைத்துக் கரைத்த மருந்தை மூங்கிற் குழாயிலே வார்த்து மாட்டுக்குப் பருக்குவர். வயிறு ஊதியதா, அசை போடுகின்றதா, காது குளிர்ந்திருக்கின்றதா, மூக்கு நுனி ஈரமாக இருக்கின்றதா, சாணம் எத்தன்மைத்து என்று அவர்கள் பார்த்த பார்வை மிக நுட்பமானது. இவற்றுட் பலவற்றை இன்றைய மிருக வைத்தியமும் முதலிலே பார்க்கின்றது.

ஆயினும் அந்த அறிவோடு தீங்கான வழக்கங்களும் கலந்திருந்தன என்பதை மறைத்தல் நேர்மையாகாது. முடம்பட்ட காலுக்கும் வீங்கிய தொண்டைக்கும் பழுக்கக் காய்ச்சிய இரும்பாற் சூடு போட்டனர். நோயாற் களைத்த மாட்டுக்குச் சூட்டுப் புண் இன்னொரு நோயாயிற்று. மருந்து பருக்கும்போது தலையை மிக உயர்த்திப் பிடித்ததனால், மருந்து இரைப்பைக்குப் போகாமற் சுவாசப்பைக்குள் இறங்கி, குணமாகவேண்டிய மாடு மூச்சடைத்து இறந்ததும் உண்டு. ஈன்ற பசுவின் இளங்கொடி விழத் தாமதித்தால், அதிலே பாரத்தைக் கட்டித் தொங்கவிட்டனர்; கருப்பை கிழிந்தது. விழுந்த இளங்கொடியை ஓலைப்பையிலே கட்டி ஆலமரத்திற் தொங்கவிடும் யாழ்ப்பாண வழக்கம் எவர்க்கும் தீங்கற்றது; பால்மரத்திற் கட்டினாற் பால் பெருகும் என்னும் நம்பிக்கை அதன் வேர். அதனால் அந்தக் கழிவு நாய்க்கும் எட்டாமற் போயிற்று. ஆனால் எது தீங்கற்ற வழக்கம், எது கொல்லும் வழக்கம் என்று பகுத்துச் சொல்ல, பயின்ற ஒருவர் வேண்டியிருந்தது.

மேலைநாட்டிலே அத்தகைய பயிற்சி ஒரு பெருங்கேட்டின் நடுவே பிறந்தது. வெக்கை நோய் ஐரோப்பாவின் மாட்டுப் பட்டிகளை மீண்டும் மீண்டும் வெறுமையாக்கிய 18ஆம் நூற்றாண்டில், பிரான்சு தேசத்து லியோன் நகரிலே கிளோட் பூர்சலா என்பவர் 1761ஆம் ஆண்டில் அரச அநுமதி பெற்று, உலகின் முதலாவது மிருக வைத்தியக் கல்லூரியை நிறுவினார். இலண்டனில் 1791ஆம் ஆண்டிலும், எடின்பரோவில் 1823ஆம் ஆண்டிலும் கல்லூரிகள் தோன்றின. தமிழகத்திலே 1903ஆம் ஆண்டில், சென்னை வேப்பேரியில் டொபின் மண்டபம் என்னும் கட்டடத்தில், 20 மாணவரோடு சென்னை மிருக வைத்தியக் கல்லூரி தொடங்கியது. இலங்கையிலே மிருக வைத்தியக் கல்வி இல்லாத அக்காலத்தில், இங்கிருந்து கற்க விரும்பியோர் இந்தியக் கல்லூரிகளுக்கும் பிரித்தானியாவுக்கும் கடல் கடந்தனர். கொழும்பிலே பல்கலைக்கழகத்தில் அக்கல்வி தொடங்கியது 1940ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலேதான். பின்னர் அது பேராதனைக்கு மாறி, 1980ஆம் ஆண்டில் தனிப் பீடமாயிற்று.

இவ்வாறு வைத்தியர் உருவாயினர். ஆனால் தாதியர்? ஒரு மிருக வைத்தியர் பல கிராமங்களுக்குப் பொறுப்பானவர். அவர் ஒரு கொட்டிலில் நிற்பது அரை மணி நேரம். கிடந்த மாட்டைச் சில மணிக்கு ஒரு தரம் மறுபுறம் புரட்ட வேண்டும். புரட்டாவிடின் கீழ்ப்பக்கத்துத் தசை நசிந்து, நோய் தீர்ந்த பின்பும் அது எழாது. வைக்கோலைத் தடிப்பாகப் பரப்ப வேண்டும். மடியிற் பாலைக் கறந்து கழிக்க வேண்டும். வெப்பமானியை வைத்துச் சூட்டைக் குறிக்க வேண்டும். பசுவின் இயல்பான உடற்சூடு ஏறக்குறைய 101.5 பாகை பரனைட்டு என்பது தெரிந்தால்தான், 105 பாகை என்ற செய்தியோடு வைத்தியரிடம் ஆள் ஓடும். தெரியாவிடின், மாடு சும்மா படுத்திருக்கின்றது என்றே இரவு கழியும். உயிர் பிழைப்பதும் பிழையாததும் பெரும்பாலும் அந்த இரவிலே தீர்மானமாகின்றது.

மனித வைத்தியத்தில் இந்த இடைவெளியை முதலில் உணர்ந்த மண்களுள் யாழ்ப்பாணமும் ஒன்று. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலிருந்து 1847ஆம் ஆண்டில் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், வட்டுக்கோட்டையிலும் மானிப்பாயிலும் மாணவரைச் சேர்த்து மேலைநாட்டு வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர்கள் உத்தியோகம் தேடி வெளியூர்களுக்குச் சென்றனர். கிராமம் பழையபடி வைத்தியரின்றி இருந்தது. அதனைக் கண்ட கிறீன், 1864ஆம் ஆண்டு முதல் தமிழிலே கற்பிக்கலானார். தமிழிலே கற்றவர் தம் ஊரிலே தங்குவர் என்பது அவர் கணிப்பு. அதற்காக இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் முதலிய பெருநூல்களைத் தம் மாணவரின் துணையோடு தமிழிலே ஆக்கினார். கலைச்சொற்களுக்கு முதலில் தமிழிலே தேடி, கிடையாதபோது வடமொழியில் தேடி, அங்கும் கிடையாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்திலே வழங்கினார். 1898ஆம் ஆண்டில் இணுவிலில் மகளிர்க்கென எழுந்த மக்லியோட் வைத்தியசாலை, யாழ்ப்பாணப் பெண்கள் தாதியராகப் பயிலவும் இடமாயிற்று.

கிறீனின் நூல்கள் மனிதனைப் பற்றியவை. மாட்டைப் பற்றி அவர் எழுதவில்லை. அது அவர் பணியும் அன்று. ஆயினும் அவர் வாழ்விலிருந்து மாட்டுக்கும் பொருந்தும் பாடம் ஒன்று உண்டு. கல்வி எந்த மொழியிலே கொடுக்கப்படுகின்றதோ, அந்த மொழி வழங்கும் இடத்திலேயே அதன் பயன் தங்கும். மாட்டுக்கொட்டிலின் மொழி யாழ்ப்பாணத்திலே தமிழ். தொண்டை அடைப்பான், கால்வாய் நோய், மடிவீக்கம் என்று குடியானவன் சொல்லும் சொல்லைப் புரிந்துகொண்டு, அதே சொல்லாலே மறுமொழி சொல்பவரே அவனுக்குப் பயன்படுவார்.

விலங்குத் தாதியர் என்னும் தனித்தொழில் இங்கிலாந்திலே தோன்றியது. 1908ஆம் ஆண்டில் இலண்டனிலே நாய்களுக்குப் பணிவிடை செய்யும் தாதியரைப் பயிற்றும் நிலையம் ஒன்று அமைந்தது. பலர் அதனைச் செல்வரின் விளையாட்டென எண்ணி நகைத்தனர். ஆறு ஆண்டுகளிலே நகைப்பு அடங்கிற்று. 1914ஆம் ஆண்டில் மூண்ட முதலாம் உலகப் போரில், பிரித்தானியப் படையின் மிருக வைத்தியப் பிரிவு குதிரை, கோவேறு கழுதை முதலியவற்றை 25 இலட்சத்துக்கு மேற்பட்ட தடவைகள் அநுமதித்துச் சிகிச்சை செய்தது. அவற்றுள் பத்துக்கு எட்டுப் பங்கு மீண்டும் வேலைக்குத் திரும்பின. பட்டம் பெற்ற வைத்தியர் சிலராலே மாத்திரம் இது கூடியதன்று. புண் கழுவவும், கட்டுப் போடவும், தீனி அளக்கவும், தொற்றுள்ளதைப் பிரித்து வைக்கவும் பயின்ற சாதாரணச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் நின்றதனாலேயே கூடிற்று.

எனினும் அமைதிக் காலத்தில் அத்தொழிலுக்கு மதிப்புக் கிடைக்க மேலும் அரை நூற்றாண்டு சென்றது. 1961ஆம் ஆண்டிலேதான் பிரித்தானிய மிருக வைத்தியரின் அரச கல்லூரி, முறையான பயிற்சித் திட்டம் ஒன்றை வகுத்தது. அப்பொழுதும் தாதி என்னும் பெயர் கொடுக்கப்படவில்லை. அப்பெயர் மனிதத் தாதியர்க்கே சட்டத்தாற் காக்கப்பட்டிருந்தது. ஆதலின் விலங்குப் பணிவிடைத் துணையாளர் என்றே அவர்கள் அழைக்கப்பட்டனர். 1984ஆம் ஆண்டிலே மிருக வைத்தியத் தாதி என்னும் பெயர் கிட்டியது. ஒரு பெயருக்கு 23 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவிலும் அதே 1961ஆம் ஆண்டிலே, நியூயோர்க் மாநிலத்து டெல்லி என்னும் ஊரின் கல்லூரியில் இத்தகைய பயிற்சி தொடங்கிற்று.

இலங்கையிலே இத்துறை வேறு வழியால் வந்தது. 1907ஆம் ஆண்டில் விலங்குகளைக் கொடுமை செய்தலைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம், மிருக வைத்தியரையும் மிருக வைத்தியத் தொழில் செய்வோரையும் பதிவு செய்ய வகைசெய்தது. கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம் தன் உத்தியோகத்தரைப் பயிற்றக் குண்டசாலையிலே பாடசாலை நடத்தியது. இப்பயிற்சியின் பயனாய்க் கிராமத்துக்கு வந்தவரே கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர். பெயர் போதனாசிரியர், வேலையோ பாதி ஆசிரியர், பாதி தாதி. தடுப்பூசி போடுவதும், செயற்கை முறையிற் சினைப்படுத்துவதும், கன்றுக்குப் பூச்சி மருந்து கொடுப்பதும், கொட்டிலின் தரையைச் சாய்வாக அமைக்கச் சொல்வதும் அவர் தொழில். சைக்கிளின் பின்னே பனிக்கட்டிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்ற அந்த மனிதரை யாழ்ப்பாணத்துக் கிராமங்கள் மாட்டு டொக்டர் என்றே அழைத்தன. வைத்தியருக்கும் அவருக்கும் உள்ள வேற்றுமையை ஊர் அறியவில்லை. தேவையென்றபோது வந்தவர் அவர் என்பதையே ஊர் அறிந்தது.

அந்த ஏற்பாடு வேர்கொண்டு வருங்காலத்திலே போர் வந்தது. போரின் துன்பங்களை அளக்கும்போது மனித உயிருக்கே முதலிடம், அதில் ஐயமில்லை. எனினும் கால்நடைகளின் கதை அதனோடு பின்னிக் கிடக்கின்றது. 40 ஆண்டுகளுக்கு மேலாக இலங்கையிலே காணப்படாதிருந்த வெக்கை நோய், 1987ஆம் ஆண்டிலே இந்திய அமைதி காக்கும் படையின் உணவுக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு மீண்டும் தீவினுள் புகுந்தது. காய்ச்சல் கண்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து, வாயெல்லாம் புண்ணாகி, வயிறு கழிந்து, சில நாட்களிலே மாடு மாயும் கொடிய நோய் அது. தலைமுறை ஒன்று அதனைக் கண்ணாற் கண்டதில்லை; ஆகவே இளைய மாட்டுக்காரர்க்கு அதன் குறி தெரியவில்லை. வழிகள் அடைபட்டிருந்தன. தடுப்பு மருந்தைக் குளிரிலே வைத்திருக்க மின்சாரம் நிச்சயமில்லை. நோயை எதிர்க்கும் பணி மிகக் கடினமாயிற்று.

1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் குடாநாட்டுக்கு மருந்துப் பொருளும் எரிபொருளும் அருகின. மனித வைத்தியசாலைக்கே பஞ்சு போதாத காலத்திலே மாட்டுக்கு மருந்து எங்கே கிடைக்கும்? மறந்துபோன கைமருந்துகள் மீண்டும் கொட்டிலுக்கு வந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவிலே வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே தென்மராட்சியை நோக்கி நடந்தனர். புறப்படுமுன் பலர் செய்த கடைசி வேலை, கொட்டிலுக்குச் சென்று மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டதே. கட்டியிருந்தால் பட்டினியிற் சாகும். அவிழ்த்துவிட்டால் எங்கேனும் மேய்ந்து பிழைக்கும் என்பது அவர்கள் எண்ணம். ஊரே வெறுமையான பின்பும் கறக்க ஆளின்றி மடி கனத்த பசுக்கள் வீதியிலே நின்றன. திரும்பி வந்தவர்களுட் சிலர் தம் பசுவைக் குறிசுட்ட அடையாளத்தாற் கண்டுகொண்டனர், பலர் கண்டிலர்.

இலங்கையிலே வெக்கை நோய் 1994ஆம் ஆண்டுக்குப் பின் காணப்படவில்லை. உலகம் முழுவதிலும் அந்நோய் ஒழிந்துவிட்டதாக 2011ஆம் ஆண்டிலே அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்து, மனித முயற்சியால் உலகிலிருந்து அழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இதுவே. இந்த வெற்றி எப்படிக் கிடைத்தது என்பதே தாதியர் பயிற்சியைப் பற்றி ஆராய்வோர் ஊன்றிப் படிக்கவேண்டிய பாடம்.

வால்டர் பிளோரைட் என்னும் ஆங்கில அறிஞர் 1960ஆம் ஆண்டையொட்டிக் கென்யாவிலே சிறந்த தடுப்பு மருந்தொன்றைக் கண்டார். மருந்து இருந்தது, வைத்தியர் இருந்தனர். ஆயினும் எதியோப்பியாவின் அபார் பாலைவெளியிலும், தென் சூடானின் சதுப்பு நிலத்திலும் நோய் ஒளிந்து வாழ்ந்தது. அங்கே வீதி இல்லை, குளிர்ப்பெட்டி செல்லாது, சண்டையும் ஓயவில்லை. அதனால் வைத்தியர் அங்கே போகவில்லை. பின்னர், குளிர்ப்பெட்டியின்றி ஒரு மாதம் வரை கெடாதிருக்கும் மருந்து ஆக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டுகளிலே, அந்நிலத்து மாட்டிடையர்களுள் ஊரார் நம்பும் சிலரைத் தெரிந்து, அவர்களுடைய மொழியிலேயே சில வாரம் பயிற்றி, ஊசியையும் மருந்தையும் அவர்களிடம் கொடுத்தனர். எழுத்தறியாதோரும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் தம் மந்தைகளோடு நடந்து நடந்து ஊசி போட்டனர். பெரும் பட்டதாரிகளால் எட்டமுடியாத இடத்தில் நோய் அழிந்தது. நூற்றாண்டுகளாக மனிதனை வென்ற நோயை இறுதியிலே வெல்லக் கைகொடுத்தோர் பயின்ற மாட்டுத் தாதியரே எனலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தாதி வைத்தியர் ஆகார். நோயை நிர்ணயித்தலும் மருந்தை விதித்தலும் வைத்தியரின் பொறுப்பு. இந்தியாவிலே 1984ஆம் ஆண்டின் மிருக வைத்தியச் சபைச் சட்டம், பயிற்சிச் சான்றுள்ள துணையாளர் சிறு சேவைகளைச் செய்யலாம், ஆனால் பதிவுபெற்ற வைத்தியரின் மேற்பார்வையிலேயே செய்யவேண்டும் என வரையறுத்தது. இவ்வரையறை வெறும் தொழிற் பொறாமையன்று. அளவறியாமற் போடும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து மாட்டின் பாலிலே இறங்கி, அப்பாலைக் குடிக்கும் குழந்தையின் உடலிற் சேரும். ஊசி போட்ட பின் எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்று வீட்டுக்காரிக்கு எடுத்துச் சொல்வதும், அதனை அவள் கடைப்பிடிக்கின்றாளா என்று பார்ப்பதும் தாதியின் கடமைகளுள் ஒன்று. தன் எல்லையை அறிந்த தாதியே நல்ல தாதி.

அப்பயிற்சியிலே என்னென்ன இருக்கவேண்டும் என்பதை இதுவரை கூறிய வரலாறே காட்டிவிடுகின்றது. வெப்பமானி பார்த்தல், வாலின் அடியிலே நாடி பிடித்தல், அசையையும் சாணத்தையும் மூச்சையும் கவனித்துக் குறித்தல் ஆகியன முதற் பாடம். தலையை அளவுக்கு மேல் உயர்த்தாமல் மருந்து பருக்குதல், கிடந்த மாட்டைப் புரட்டுதல், புண் கழுவுதல், வீங்கிய மடியைப் பேணுதல், ஈனும் பசுவுக்கு எப்பொழுது உதவலாம், எப்பொழுது கைவைக்கலாகாது என அறிதல் ஆகியன இரண்டாம் பாடம். கால்வாய் நோய் கண்ட மாட்டைப் பிரித்துக் கட்டி, அதற்கு வேறு வாளியும் வேறு கயிறும் வைத்து, அதனைத் தொட்ட கையோடு மற்ற மாட்டைத் தொடாதிருத்தல் மூன்றாம் பாடம். மாரிக்கு முன்னரே தொண்டை அடைப்பானுக்கு ஊசி போடுவித்தல் நான்காம் பாடம். இவற்றுள் ஒன்றேனும் பெரும் பொருட்செலவு வேண்டுவதன்று. வேண்டுவன தமிழிலே தெளிவாக எழுதிய ஒரு நூலும், கையைப் பிடித்துக் காட்டும் ஓர் ஆசிரியரும், பழக ஒரு கொட்டிலுமே.

இக்கல்வியைப் பெறத்தக்கவர் யார் என்பதற்கும் கொட்டிலே விடை கூறும். யாழ்ப்பாணத்திலே மாட்டை விற்பவர் ஆண், வாங்குபவர் ஆண், ஆனால் விடியற்காலையிலே கொட்டில் கூட்டுபவளும், புண்ணாக்குக் கரைப்பவளும், ஆட்டுக்குக் குழை ஒடிப்பவளும், கன்றை அவிழ்ப்பவளும் பெரும்பாலும் பெண். மாடு தீனியை முகர்ந்து பார்த்துவிட்டு வாயைத் திருப்பியதை முதலிற் காண்பவள் அவளே. போருக்குப் பின்னர் குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் பெண்கள் பலர்க்கு, உதவியாகக் கிடைத்த ஒரு பசுவோ சில ஆடுகளோதான் சீவனோபாயம். நோயின் முதற் குறியைக் காணும் அந்தக் கண்ணுக்கே பயிற்சி கொடுத்தால், ஒரு தாதி அல்ல, ஊர்தோறும் பல தாதியர் உண்டாவர். 1990ஆம் ஆண்டிலே கிளிநொச்சியில் தொடங்கப்பட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம், போரால் இடம்பெயர்ந்தும் அழியாது நின்று, விலங்கு விஞ்ஞானத்தைக் கற்பித்து வருகின்றது. உயர்கல்வி இவ்வாறு வேரூன்றிய மண்ணிலே, அதன் பயன் கொட்டில்வரை இறங்கிவர ஒரு படிக்கட்டு வேண்டும். தாதியர் பயிற்சியே அப்படிக்கட்டு.

பட்டிப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மாலை சூட்டி, பொங்கலை ஊட்டி வணங்கும் மரபு தமிழரின் நன்றியுணர்வுக்கு ஓர் அழகிய சான்று. அந்த நன்றி ஆண்டில் ஒரு நாளோடு நின்றுவிடலாகாது. மாலை சூடிய அதே மாடு மாரிகாலத்து நள்ளிரவிலே எழும்பமாட்டாமற் கிடக்கும்போது, அதனருகே விளக்கோடு அமர்ந்து, எது செய்யவேண்டும், எது செய்யலாகாது என்பதை அறிந்து, விடியும்வரை விழித்திருக்கும் ஒரு கை வேண்டும். அசோகனின் சாசனம் கல்லிலே சொன்னதும், அபார் இடையர்கள் பாலைவெளியிலே செய்து காட்டியதும் அதுவே. வாயில்லாச் சீவன் தன் நோயைச் சொல்லமாட்டாது. அது சொல்லாததைக் கேட்கப் பயின்ற செவிகள் ஊர்தோறும் பெருகுமாயின், குடாநாட்டுக் கொட்டில்களிலே அணையாத விளக்குகளின் முன்னே அழுகை குறையும்.